கேனரி தீவுகளில் ஒரு கடற்கரை கறுப்பாகவும் இன்னொன்று வெளிறியும் இருப்பது ஏன்?

எல்லாமே எரிமலைத் தீவுகள்தானே, மணல் மட்டும் ஏன் மாறுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். முக்கியக் காரணம், தீவின் வயது.

ஸ்பெயினுக்குச் சொந்தமான இந்தக் கூட்டத்தில் மூத்தது ஃபுயர்ட்டெவெந்துரா. உருவாகி 2 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. மலைகள் தேய்ந்து, சுற்றிலும் ஆழமற்ற கடல் பரந்திருப்பதால் சிப்பிகளும் கடலுயிர்களின் ஓடுகளும் பொடிந்து வெளிறிய மணலாகக் கரையேறுகின்றன. அங்குள்ள கொரலேஹோ மணல்மேடுகள் பெரும்பாலும் அப்படிச் சேர்ந்தவைதான். சகாராவிலிருந்து காற்று அள்ளி வந்தது என்று பலரும் சொல்வது சரியல்ல. (சகாரா மணல் இருப்பது இன்னொரு தீவான டெனெரீஃபேயின் லாஸ் தெரெசித்தாஸ் கடற்கரையில், அது 1970களில் மனிதர்கள் கொண்டுவந்து கொட்டியது.) லா பால்மா இளைய தீவுகளில் ஒன்று. 2021இல்கூட அங்கே எரிமலை 85 நாள் பொங்கியது. அதன் கரைகளில் இருப்பது எரிமலைப் பாறை நொறுங்கிய கறுப்பு மணல். வெயிலில் வெறுங்காலுடன் நடக்காதீர்கள், சுட்டுவிடும்.

சுற்றிப் பார்க்க ஒரே ஒரு தீவுக்குத்தான் நேரம் என்றால், நான் லான்சரோட்டேயைச் சொல்வேன். 1730 முதல் 1736 வரை நீடித்த வெடிப்புகள் விளைநிலங்களை மூடிவிட்டன. மக்கள் அந்தச் சாம்பலிலேயே குழி தோண்டித் திராட்சை நட்டார்கள். சாம்பல் ஈரத்தைக் காக்கிறது; அரைவட்டக் கற்சுவர் காற்றைத் தடுக்கிறது. அங்குள்ள லா ஹேரியா என்ற திராட்சைப் பகுதியில் கறுப்பு நிலத்தில் குழிக்கு ஒரு பச்சைக் கொடி. கட்டாயம் பாருங்கள்.