புள்ளிகளின் மேனேஜருக்குக் கோயிலைத் தெரியுமா?

காரைக்குடி வாசகர் ஒருவர், நகரத்தாரின் 9 கோயில்களுக்கும் புள்ளிக் கணக்கு (மணமான தம்பதி ஒரு புள்ளி) வைக்க, பைத்தான் மொழியின் வலைச்செயலிக் கட்டமைப்பான ஜாங்கோவில் ஒரு செயலி எழுதி வருகிறார். ‘கோயில்’ ஒரு மாடல், அதாவது ஒரு டேட்டாபேஸ் அட்டவணைக்கான கிளாஸ். ‘புள்ளி’ இன்னொரு மாடல், அதில் கோயிலைச் சுட்டும் ஒரு ஃபாரின் கீ; கோயிலிலிருந்து அதன் புள்ளிகளை அழைக்கும் பெயர், அதாவது ரிலேட்டட் நேம், ‘புள்ளிகள்’. வரி பாக்கி உள்ள புள்ளிகளைப் பெற இளையாத்தங்குடி.புள்ளிகள்.வரிபாக்கி() என்று அழைக்கும்போது, எந்தக் கோயில் என்பதை மேனேஜருக்குள்ளேயே (மாடலின் பதிவுகளை டேட்டாபேஸிலிருந்து எடுத்துத் தரும் ஆப்ஜெக்டுக்குள்ளேயே) அறிய வழி உண்டா, அல்லது கோயிலை மறுபடியும் அடைப்புக்குறிக்குள் அனுப்ப வேண்டுமா என்று கேட்கிறார்.

அனுப்ப வேண்டியதில்லை. கோயில் வழியாகப் புள்ளிகளைத் தொடும்போது, ஜாங்கோ உங்கள் மேனேஜரின் கிளாஸைத் தாயாகக் கொண்டு ஒரு புதிய கிளாஸை அங்கேயே உருவாக்கி, எந்தக் கோயிலிலிருந்து வந்தீர்களோ அதை ‘செல்ஃப்.இன்ஸ்டன்ஸ்’ என்ற பெயரில் அதனுள் வைத்துவிடுகிறது; ஆகவே செல்ஃப்.இன்ஸ்டன்ஸ்.ஆண்டுவரி என்று எழுதினாலே இளையாத்தங்குடியின் வரி கிடைக்கும். உங்கள் மேனேஜர் அந்த மாடலின் டீஃபால்ட் மேனேஜராக, அதாவது முதலில் எழுதப்பட்டதாக, இருக்க வேண்டும்.

இடறும் இடங்கள் உண்டு. புள்ளி.ஆப்ஜெக்ட்ஸ் வழியாக அழைத்தால் இன்ஸ்டன்ஸ் இருக்காது, ஆட்ரிபியூட் எரர் வரும். புள்ளிக்கு ‘ஊர்’ என்று இன்னொரு ஃபாரின் கீயும் இருந்து, கானாடுகாத்தான்.புள்ளிகள் என்று வந்தால், இன்ஸ்டன்ஸில் இருப்பது கோயில் அன்று, ஊர். எனவே அது கோயில்தானா என்று சோதித்த பிறகே வரியைக் கேளுங்கள். எல்லாவற்றிலும் பலர் ஏமாறுவது மூன்றாவதில்: வரிபாக்கியைக் குவெரிசெட் (டேட்டாபேஸிலிருந்து கேட்டெடுக்கும் பதிவுகளின் தொகுப்பு) கிளாஸில் எழுதி ‘ஆஸ் மேனேஜர்’ மூலம் மேனேஜராக்கினால், உள்ளே செல்ஃப் என்பது குவெரிசெட், அதற்கு இன்ஸ்டன்ஸ் கிடையாது. மேனேஜர் கிளாஸில் எழுதினாலோ, ஃபில்டர் போட்ட பிறகு அந்த மெத்தடை அழைக்க முடியாது. முதலில் வரிபாக்கி, பிறகு ஃபில்டர் என்ற வரிசையைக் காக்க வேண்டும்.

வரிபாக்கிக்கு மட்டும் என்றால் நான் இன்ஸ்டன்ஸைத் தொடவே மாட்டேன். செலுத்திய தொகை எஃப்(‘கோயில்__ஆண்டுவரி’) என்பதைவிடக் குறைவு என்று ஃபில்டர் எழுதினால், ஒவ்வொரு புள்ளியும் தன் கோயிலின் வரியோடு டேட்டாபேஸிலேயே ஒப்பிடப்படும்; கோயில் வழியாக வந்தாலும், ஊர் வழியாக வந்தாலும், 9 கோயில்களுக்கும் சேர்த்துக் கேட்டாலும் விடை சரியாகவே இருக்கும். மணமான தம்பதியரைப் புதுப் புள்ளியாகப் பதிந்து, அந்தக் கோயிலின் அடுத்த வரிசை எண்ணைக் கொடுக்கும் மெத்தடுக்குத்தான் செல்ஃப்.இன்ஸ்டன்ஸ் உண்மையில் தேவைப்படும்.