எல்லாவற்றிலும் பின்தங்கிய நாடு எதை விற்கும்?

"ஒரு நாட்டால் எல்லாப் பொருள்களையும் இன்னொரு நாட்டைவிடக் குறைந்த உழைப்பில் செய்ய முடியும் என்றால், அது ஏன் வெளியிலிருந்து வாங்க வேண்டும்? பின்தங்கிய அந்த இன்னொரு நாடு எதை விற்றுப் பிழைக்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கான விடையை, ஒப்பீட்டு நன்மை என்ற கோட்பாட்டை, நான் முதலில் பாடப் புத்தகத்தில் படித்தேன், தேர்விலும் எழுதினேன். ஆனால் அது மனதில் இறங்கியது பல ஆண்டுகள் கழித்து, நண்பர் ஒருவரோடு சேர்ந்து ஒரு மாத இதழ் நடத்தியபோதுதான். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

இதழுக்கு மாதம் நான்கு கட்டுரைகள் எழுத வேண்டும், ஆறு ஃபாரம் (ஒன்றாக அச்சாகும் பக்கங்களின் தொகுதி) மெய்ப்புப் பார்க்க, அதாவது பிழை திருத்த வேண்டும். நண்பர் ஒரு கட்டுரையை 2 மணி நேரத்தில் எழுதிவிடுவார். ஒரு ஃபாரத்தை 1 மணி நேரத்தில் திருத்திவிடுவார். எனக்குக் கட்டுரைக்கு 6 மணி நேரமும் ஃபாரத்துக்கு ஒன்றரை மணி நேரமும் ஆகும். இரண்டிலும் அவர்தான் வல்லவர். எழுத்தில் என்னைவிட மூன்று மடங்கு வேகம், மெய்ப்பில் ஒன்றரை மடங்கு வேகம்.

முதலில் வேலையைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டோம். ஆளுக்கு இரண்டு கட்டுரை, மூன்று ஃபாரம். அவருக்கு 7 மணி நேரம் ஆயிற்று, எனக்கு பதினாறரை. மூன்றாவது இதழின்போது அவர் ஒரு யோசனை சொன்னார்: "உங்கள் கட்டுரைகளில் ஒன்றை நான் எழுதிவிடுகிறேன். என் மூன்று ஃபாரங்களையும் நீங்கள் பாருங்கள்." அப்படியே செய்தோம். அவருக்கு மூன்று கட்டுரைக்கு 6 மணி நேரம் போதுமானதாக இருந்தது. எனக்கு ஒரு கட்டுரைக்கு 6, ஆறு ஃபாரத்துக்கு 9, ஆக 15 மணி நேரம். இதழ் மாறவில்லை. அவருக்கு ஒரு மணி நேரம் மிச்சம், எனக்கு ஒன்றரை மணி நேரம் மிச்சம். மெய்ப்பில் என்னைவிடத் தேர்ந்த ஒருவர், மெய்ப்பை என்னிடம் கொடுத்து லாபம் அடைந்தார்.

இது எப்படி நடந்தது என்று அன்றிரவு தாளில் போட்டுப் பார்த்தேன். அவர் ஒரு கட்டுரை எழுதும் நேரத்தில் இரண்டு ஃபாரம் பார்த்திருக்கலாம். நான் ஒரு கட்டுரை எழுதும் நேரத்தில் நான்கு ஃபாரம் பார்த்திருக்கலாம். அதாவது ஒரு கட்டுரைக்காக அவர் இழப்பது இரண்டு ஃபாரம், நான் இழப்பது நான்கு. திருப்பிச் சொன்னால், ஒரு ஃபாரத்துக்காக அவர் அரைக் கட்டுரையை இழக்கிறார், நான் கால் கட்டுரையைத்தான் இழக்கிறேன். ஆக மெய்ப்பு என் கையில்தான் மலிவு. கடிகாரம் அளப்பது ஒன்று, ஒன்றைச் செய்ய எதைக் கைவிடுகிறோம் என்ற கணக்கு அளப்பது வேறொன்று. பொருளியலில் வாய்ப்புச் செலவு என்பது இதுதான். ஒப்பீட்டு நன்மை என்ற சொல்லில் இருக்கும் ஒப்பீடும் இதுவே. பெரும்பாலானோர் நாட்டை நாட்டோடு ஒப்பிட்டுவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறார்கள். முதலில் ஒவ்வொரு நாட்டுக்குள்ளும் பொருளைப் பொருளோடு ஒப்பிட வேண்டும். அதன் பிறகு அந்த விகிதங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். விகிதங்கள் வேறுபட்டாலே போதும், பரிமாற்றத்தில் இருவருக்கும் ஆதாயம் உண்டு. அவை வேறுபடும் வரை, எல்லாவற்றிலும் பின்தங்கியவருக்கும் ஏதோ ஒன்றில் ஒப்பீட்டு நன்மை இருந்தே தீரும். இந்த ஒரு வரிக்காகவே நான் பொருளியலை நேசிக்கிறேன்.

1776இல் பொருளியலின் முன்னோடியான ஆடம் ஸ்மித் சொன்னது இதைவிட எளிது: வெளியே மலிவாகக் கிடைப்பதை வீட்டில் செய்யாதே. அது உண்மைதான், ஆனால் உங்கள் கேள்விக்கு அதில் விடை இல்லை. 1815இல் ராபர்ட் டாரன்ஸ் என்ற பொருளியலாளர் விடையை நெருங்கினார். எண்களோடு எடுத்து வைத்தவர் ஆங்கிலப் பொருளியலாளர் டேவிட் ரிக்கார்டோ, 1817இல். அப்போது இங்கிலாந்தில் வெளிநாட்டுத் தானியத்தைத் தடுக்கும் 1815ஆம் ஆண்டுச் சட்டம் நடப்பில் இருந்தது. நிலக்கிழார்களுக்கு வரும் நில வாடகை ஏறியது, மற்றவர்களுக்கு ரொட்டி விலை ஏறியது. ரிக்கார்டோ 1819இல் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார், 1823இல் இறந்தார். அந்தச் சட்டம் நீக்கப்பட்ட 1846ஐ அவர் பார்க்கவில்லை.

அவருடைய எண்கள் இவை. குறிப்பிட்ட அளவு துணி நெய்ய இங்கிலாந்துக்கு 100 பேரின் ஓராண்டு உழைப்பு வேண்டும், போர்ச்சுகலுக்கு 90 பேர் போதும். குறிப்பிட்ட அளவு ஒயினுக்கு இங்கிலாந்துக்கு 120 பேர், போர்ச்சுகலுக்கு 80 பேர். இரண்டிலும் போர்ச்சுகலே மேல். வேண்டுமென்றேதான் அப்படி எண்களை வைத்தார். இரு நாடுகளும் தனித்தனியே ஓர் அளவு துணியும் ஓர் அளவு ஒயினும் செய்தால் மொத்தம் 390 பேரின் உழைப்பு செலவாகும். இங்கிலாந்து துணியை மட்டும் இரட்டிப்பாகச் செய்து, போர்ச்சுகல் ஒயினை மட்டும் இரட்டிப்பாகச் செய்து, ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொண்டால் 200ம் 160ம் சேர்ந்து 360 பேரில் முடிந்துவிடும். இங்கிலாந்துக்கு 20 பேரின் உழைப்பு மிச்சம், போர்ச்சுகலுக்கு 10 பேரின் உழைப்பு மிச்சம். ஒன்றுக்கு ஒன்று என்பது கட்டாயமும் இல்லை. ஓர் அளவு துணிக்கு 0.83 அளவு ஒயினுக்கு மேலும் 1.125 அளவுக்குக் கீழும் எந்த விலை அமைந்தாலும் இருவரும் பயன் பெறுவார்கள். அந்த இடைவெளியில் வாணிப வீதம், அதாவது ஒரு பொருளுக்கு ஈடாகக் கிடைக்கும் மற்ற பொருளின் அளவு, எங்கே நிற்கும் என்பது ஒருவர் பொருளை மற்றவர் எவ்வளவு விரும்புகிறார் என்பதைப் பொறுத்தது. அதை விளக்கியவர் பின்னால் வந்த பொருளியலாளர் ஜான் ஸ்டூவர்ட் மில்.

இங்கே உங்களுக்கு ஓர் ஐயம் எழலாம், எனக்கும் எழுந்தது. நாடுகள் எங்களைப் போல உட்கார்ந்து பேசிப் பிரித்துக்கொள்வதில்லை. வணிகர் விலையை மட்டுமே பார்க்கிறார். போர்ச்சுகலில் இரண்டும் மலிவு என்றால் இரண்டையும் அங்கேதானே வாங்குவார்? இந்த இடத்தைத்தான் பாடப் புத்தகங்கள் வேகமாகத் தாண்டிவிடுகின்றன.

கூலியைச் சேர்த்துப் பாருங்கள். இரு நாட்டிலும் ஓர் ஆளின் கூலி 10 என்று வைப்போம். போர்ச்சுகல் துணி 900, ஒயின் 800. இங்கிலாந்தில் அவை 1000, 1200. எல்லோரும் போர்ச்சுகலில்தான் வாங்குவார்கள். பணம் அங்கே குவியும். வேலைக்கு ஆள் தட்டுப்பாடாகும், கூலி ஏறும். இங்கிலாந்தில் வேலை குறைந்து கூலி இறங்கும். ரிக்கார்டோவின் காலத்தில் தங்கம் நாடு விட்டு நாடு போய் இதைச் செய்தது. இன்று பெரும்பாலும் செலாவணி மாற்று விகிதம் செய்கிறது. போர்ச்சுகல் கூலி 12 ஆகிவிட்டது என்று கொள்வோம். இப்போது அங்கே துணி 1080, ஒயின் 960. இங்கிலாந்துத் துணி 1000தான். வணிகர் துணிக்கு இங்கிலாந்து வருகிறார், ஒயினுக்குப் போர்ச்சுகல் போகிறார். கூலி 16 வரை ஏறிவிட்டால் ஒயினும் 1280 ஆகி, கூட்டம் முழுக்க இங்கிலாந்துப் பக்கம் திரும்பிவிடும். ஆகவே போர்ச்சுகல் கூலி இங்கிலாந்துக் கூலியைப் போல 1.11 மடங்குக்கும் 1.5 மடங்குக்கும் இடையில் வந்து நிற்கும். வணிகம் இருவழியாக ஓடுவதும் அந்த எல்லைக்குள்தான்.

உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதிக்கும் இதிலேயே விடை இருக்கிறது. திறன் மிகுந்த நாட்டின் கூலி உயரமாகவும் திறன் குறைந்த நாட்டின் கூலி தாழ்வாகவும் இருக்கும். அந்தக் கூலி வேறுபாடு சதியால் வருவது அன்று, உழைப்பின் விளைதிறனிலிருந்து வருவது. ஏழை நாடு குறைந்த கூலியால் எங்களை அழிக்கிறது என்று ஒரு பக்கமும், பணக்கார நாடு உயர்ந்த திறனால் எங்களை அழிக்கிறது என்று மறுபக்கமும் ஒரே நேரத்தில் முழங்குகிறார்கள். இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது. ஆனால் பின்தங்கிய நாட்டுக்கு வணிகத்தில் இடம் உண்டு என்றால் அந்த நாடு செழித்துவிடும் என்று பொருள் கொள்ளாதீர்கள். தனித்திருப்பதைவிட நன்றாக இருக்கும், அவ்வளவே இந்தக் கோட்பாடு தரும் வாக்கு.

நிஜத்தில் இந்த ஆதாயம் எவ்வளவு என்று அளக்க ஓர் அருமையான வாய்ப்பை வரலாறே தந்தது. இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் ஏறத்தாழ மூடிக் கிடந்த ஜப்பான் 1859இல் தன் துறைமுகங்களைத் திறந்தது. பட்டும் தேயிலையும் வெளியே போயின. அவற்றின் விலை உள்நாட்டில் ஏறியது. வெளியிலிருந்து வந்த பொருள்களின் விலை இறங்கியது. டேனியல் பெர்ன்ஹோஃபென், ஜான் பிரௌன் என்ற இரு பொருளியலாளர்கள் அந்த விலைகளைத் தேடி எடுத்துக் கணக்கிட்டு 2005இல் வெளியிட்டார்கள். ஒப்பீட்டு நன்மையால் கிடைத்த ஆதாயம் உயர்ந்த அளவாக நாட்டு வருமானத்தில் 8 அல்லது 9 விழுக்காடு என்பது அவர்கள் கண்ட முடிவு. ஒரு நாடு முழுவதற்கும் இது பெரிய தொகை. ஆனால் ஏழை நாட்டை ஒரே தாவலில் பணக்கார நாடாக்கும் தொகையும் இல்லை. வணிகத்தைப் புகழ்வோரும் பழிப்போரும் இந்த அளவை மனதில் வைத்துப் பேசினால் பாதிச் சண்டை குறையும்.

இனி நான் கவலையோடு சொல்ல வேண்டிய பகுதி. ரிக்கார்டோவின் எண்களில் மிச்சமாகும் 30 பேரும் மறுநாளே வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். வாழ்க்கையில் அப்படி நடப்பதில்லை. திராட்சைத் தோட்டக்காரர் ஒரே வாரத்தில் நெசவாளி ஆவதில்லை. ஆதாயம் நாடு முழுக்க மெல்லிய படலமாகப் பரவுகிறது, இழப்பு சில ஊர்களின் தலையில் மொத்தமாக விழுகிறது. 1990க்கும் 2007க்கும் இடையில் சீன இறக்குமதி பெருகியபோது அமெரிக்கத் தொழிற்பகுதிகளில் நடந்ததை டேவிட் ஆட்டர், டேவிட் டோர்ன், கோர்டன் ஹேன்சன் ஆகிய பொருளியலாளர்கள் 2013இல் ஆராய்ந்து காட்டினார்கள். சீன இறக்குமதியின் போட்டி அதிகம் தாக்கிய பகுதிகளில் வேலையின்மை உயர்ந்தது, கூலி தாழ்ந்தது. வேலை இழந்தவர்களுக்குப் பயிற்சியும் உதவித்தொகையும் தரும் சட்டம் அமெரிக்காவில் 1962 முதலே இருந்தது. அது போதவில்லை. மொத்தத்தில் லாபம் என்று சொல்லிவிட்டு, அந்த லாபத்திலிருந்து இழந்தவருக்கு ஈடு கொடுக்காமல் நகர்ந்துவிடுவது அநீதி. கோட்பாடு ஈடு கொடுக்க முடியும் என்று மட்டும்தான் நிரூபிக்கிறது. கொடுக்கும் வேலை அரசுடையது.

இன்னொன்று, மூலதனம். ரிக்கார்டோவின் கணக்கில் முதலாளி தன் நாட்டிலேயே இருக்கிறார். மூலதனம் தடையின்றி ஓடுமானால் இங்கிலாந்து முதலாளிகள் துணியையும் ஒயினையும் போர்ச்சுகலிலேயே செய்யப் போய்விடுவார்கள் என்று அவரே எழுதினார். சொந்த நாட்டை விட்டுப் போகத் தயங்கும் அந்த மனநிலை குறைந்தால் வருந்துவேன் என்றும் எழுதினார். அவரைத் தடையற்ற வணிகத்தின் முரட்டுப் பக்தராகச் சித்திரிப்பவர்கள் அந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டும்.

போர்ச்சுகலின் உண்மைக் கதையும் அவருடைய எண்களைப் போல இனிமையானது அன்று. 1703இல் கையெழுத்தான மெத்துவென் ஒப்பந்தப்படி இங்கிலாந்தின் கம்பளித் துணி போர்ச்சுகலுக்குள் வந்தது. போர்ச்சுகல் ஒயினுக்கு இங்கிலாந்தில் பிரெஞ்சு ஒயினைவிட மூன்றில் ஒரு பங்கு வரி குறைந்தது. ஒயின் ஏற்றுமதி வளர்ந்தும் துணிக்கான விலையை அது ஈடுகட்டவில்லை. மீதிக்கு, அப்போது போர்ச்சுகலின் ஆட்சியில் இருந்த பிரேசிலின் தங்கம் போயிற்று. நெசவு என்ற, நாளுக்கு நாள் நுட்பம் கூடும் தொழில் ஒரு நாட்டில் வேர்விட்டது. மற்ற நாட்டில் தோட்டம் தோட்டமாகவே நின்றது. இன்றைய ஒப்பீட்டு நன்மை எது என்பதோடு, நாளைக்கு எது கற்றுத்தரும் என்றும் கேட்க வேண்டும் என்பது இதனால்தான்.

தென் கொரியா அப்படிக் கேட்டது. 1960களில் அதன் ஏற்றுமதியில் ஒட்டுப்பலகையும் பொய்முடியும் முக்கியமானவை. எஃகு ஆலை கட்டப் போகிறோம் என்றபோது உலக வங்கி அதற்குத் தகுதி இல்லை என்று கைவிரித்தது. போகாங் ஆலை 1973இல் எஃகு வார்க்கத் தொடங்கி, உலகின் திறன் மிக்க ஆலைகளில் ஒன்றாக வளர்ந்தது. அதே வழியில் போய்ப் பணத்தை இழந்த நாடுகள் ஏராளம். உள்நாட்டுத் தொழிலைக் காக்க இறக்குமதிமேல் போடும் காப்பு வரியின் நிழலில் நாற்பது ஆண்டுகள் குழந்தையாகவே இருந்துவிட்ட தொழில்கள் பல. கொரியாவில் சலுகை பெற்ற நிறுவனங்கள் வெளிச்சந்தையில் விற்றுக் காட்டியாக வேண்டியிருந்தது. என் கணிப்பில் வேறுபாடு பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

எங்கள் இதழிலும் இது நடந்தது. நண்பரின் யோசனைப்படியே இன்னும் ஒரு படி போய், என் மீதிக் கட்டுரையையும் அவரிடம் கொடுத்திருக்கலாம். மாதம் ஒன்றாவது நானே எழுதுவேன் என்று பிடிவாதமாக இருந்தேன். மூன்று ஆண்டுகளில் எனக்குக் கட்டுரைக்கு 3 மணி நேரம் போதும் என்றாயிற்று. ஃபாரத்துக்கு அதே ஒன்றரை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: அவரைப் போலவே நானும் இப்போது ஒரு கட்டுரைக்கு இரண்டு ஃபாரத்தைத்தான் இழக்கிறேன். அவர் இன்னமும் இரண்டிலும் என்னைவிட வேகம்தான். ஆனால் விகிதம் ஒன்றாகிவிட்டது, வேலையை எப்படிப் பிரித்தாலும் மிச்சம் எதுவும் இல்லை. அதன் பிறகு அவரவருக்குப் பிடித்த தலைப்பில் எழுதினோம். மெய்ப்பைப் பழையபடி ஆளுக்கு மூன்று ஃபாரமாகப் பிரித்துக்கொண்டோம்.