பாதி சாம்பலாகத் தெரியும் படங்கள்

கேள்வி: தங்கையின் வளைகாப்பில் எடுத்த படங்களில் பாதி சாம்பல் நிறமாகத் தெரிகிறது, மெமரி கார்டை ஃபார்மட் செய்யச் சொல்கிறது கேமரா. படங்களை மீட்க முடியுமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: ஃபார்மட் செய்யாதீர்கள், அந்தக் கார்டில் இனி ஒரு படம்கூட எடுக்காதீர்கள், ஏனெனில் புதிய பதிவு பழைய படத்தை அழித்துவிடலாம். கார்டு ரீடர் வழியாகக் கார்டு முழுவதையும் கணினியில் ஒரே கோப்பாக நகலெடுத்துக்கொண்டு, அந்த நகலில் ‘ஃபோட்டோரெக்’ என்னும் இலவச மென்பொருளை இயக்குங்கள். கோப்புப் பட்டியல் பழுதாகியிருந்தாலும், ஒவ்வொரு ஜேபெக் படத்தின் தொடக்கத்திலும் இருக்கும் அடையாளக் குறியைக் கொண்டு அது படங்களைத் தேடி எடுக்கும். கோப்புகளின் பெயர்கள் மட்டும் மாறிவிடும். தரவே அழிந்த சாம்பல் பகுதியை, கடைக்காரர் எவ்வளவு உறுதி கூறினாலும், எந்த மென்பொருளாலும் மீட்க இயலாது. 64 ஜிபி என்று அச்சிட்டு, உள்ளே 8 ஜிபி மட்டுமே கொண்ட போலிக் கார்டுகளிலும் இப்படி நேர்வதுண்டு.