பச்சை மையில் வந்த திட்டு

கே: என் அபிமான நடிகரின் படத்தை ஒரு விமர்சகர் கிழித்துத் தொங்கவிட்டார். 190 ரூபாய் கொடுத்து டிக்கெட் எடுத்தவன் நான். அவரை நாலு வார்த்தை திட்ட எனக்கு உரிமை இல்லையா? - பெயர் வேண்டாம், திண்டுக்கல்

ப: அவர் எழுதியதைத் தாராளமாகத் திட்டுங்கள். எனக்கும் வாங்கிப் பழக்கம்தான். 1990களில் ஒரு படத்தை இழுவை என்று எழுதினேன். அடுத்த வாரமே இன்லேண்ட் லெட்டர். பச்சை மை, மடிக்கும் ஓரத்தில்கூட இடம் விடவில்லை. 'உமக்கு ரசனை மழுங்கிவிட்டது' என்று தொடங்கி, கிளைமாக்ஸை நான் தப்பாகச் சொல்லியிருந்ததைப் பிடித்திருந்தார். (உண்மைதான். கண் அசந்துவிட்டேன்.) கீழே கையெழுத்து, தெருப் பெயர், பின்கோடு. கடைசி வரி, 'பதில் போடவும்'. போட்டேன்.

இப்போது ராத்திரி 2 மணிக்கு போன் அதிர்கிறது. ப்ரொஃபைலில் ஹீரோவின் முகம். என் மகள் எந்தக் காலேஜ் என்று கேட்டிருக்கிறான். படத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

படம் பார்த்த கோபம் என்றும் சொல்ல முடியாது. 2012-ல் 'தி டார்க் நைட் ரைசஸ்' தியேட்டருக்கு வருவதற்கு முன்பே, சுமார் என்று எழுதிய அமெரிக்க விமர்சகர்களுக்குக் கொலை மிரட்டல் வந்தது. விமர்சனங்களைத் தொகுக்கும் ராட்டன் டொமேட்டோஸ் இணையதளம் அந்தப் படத்துக்கான பின்னூட்டங்களையே நிறுத்தியது. நம்மூரில் 2017-ல் ஒரு பெண் பத்திரிகையாசிரியர், ஓர் இந்திப் படத்திலிருந்து பாதியில் எழுந்து வந்ததைச் சொல்லும்போது, விஜய்யின் 'சுறா'வுக்கும் அப்படி வந்ததை ட்விட்டரில் ஒரு வரி எழுதினார். 'சுறா' வந்தது 2010-ல்! ஏழு வருஷப் பழங்கதைக்கு ஆயிரக்கணக்கில் வசவு, அதில் ஆபாசமும். அவர் போலீஸில் புகார் கொடுத்தார். பெண்களை இழிவாகப் பேசக் கூடாது என்று விஜய்யே அறிக்கை விட்டார்.

அப்புறம், உங்கள் 190 ரூபாயில் விமர்சகருக்கு ஒரு பைசா போகவில்லை. அவரும் டிக்கெட் எடுத்திருப்பார்.

கே: முதல் மூன்று நாள் விமர்சனமே கூடாது என்று தயாரிப்பாளர்கள் கேட்டார்களே? - ஒரு வாசகி, கும்பகோணம்

ப: 2024-ல் கேட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தடை விதிக்க மறுத்துவிட்டது. வெள்ளிக்கிழமை வந்த படத்துக்குத் திங்கட்கிழமை விமர்சனம் எழுதினால், ஏற்கெனவே போய் மாட்டிக்கொண்டவர்கள்தான் படிப்பார்கள். அவர்களுக்கு நான் சொல்லித்தானா தெரிய வேண்டும்?