பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில் காலாவதி தேதி பாக்கி இருந்தும் ஸ்பெயினுக்கு விமானம் ஏற விடாதது ஏன்?

இதற்குப் பெயர் பத்தாண்டு விதி. ஷெங்கன் நாடுகளுக்குள், அதாவது தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஸ்பெயின் போன்ற ஐரோப்பிய நாடுகளுக்குள், நுழையும் நாளில் பாஸ்போர்ட் வழங்கப்பட்டு 10 ஆண்டு ஆகியிருக்கக் கூடாது. கூடவே, அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகும் 3 மாதம் செல்லுபடி இருக்க வேண்டும்.

சரி, பத்தாண்டு பாஸ்போர்ட்டில் இது எப்படிச் சிக்கலாகும்? 2018 செப்டம்பர் வரை, பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் பழையதில் மிச்சமிருந்த மாதங்களைப் புதியதில் சேர்த்துத் தந்தார்கள், அதிகபட்சம் 9 மாதம். 2016 ஜூன் 10 அன்று வழங்கிய பாஸ்போர்ட்டில் காலாவதி 2027 மார்ச் 10 என்று அச்சாகியிருக்கலாம். அதை நம்பி 2026 ஜூலையில் போனால் செக்-இன் கவுண்டரிலேயே நிறுத்திவிடுவார்கள். பிரெக்சிட்டுக்கு முன், அதாவது பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகும் முன், பிரிட்டிஷார் ஒன்றியக் குடிமக்கள் என்பதால் இந்த விதி அவர்களைத் தொடவில்லை. இப்போது வெளியாள் கணக்கு.

பிஸ்கட் பாக்கெட் மாதிரிதான். நாம் காலாவதியை மட்டும் பார்த்து வாங்குவோம். ஷெங்கன் நாட்டவர்கள் தயாரித்த தேதியையும் திருப்பிப் பார்க்கிறார்கள், அதாவது பாஸ்போர்ட் வழங்கிய நாளை. அயர்லாந்து ஷெங்கனில் இல்லை, அங்கே இந்தத் தொல்லை கிடையாது.

அப்புறம், திரும்பும் நாள்வரை பத்தாண்டு தாண்டக் கூடாது என்று பலர் பயப்படுகிறார்கள். அது நுழையும் நாளுக்கு மட்டும்தான், கிளம்பும் நாளிலிருந்து எண்ணுவது அந்த 3 மாதத்தைத்தான்.