கட்டிலுக்கு ஸ்டெய்னா, பெயின்டா? வாசகர் கேள்வி - பதில்

பாட்டி காலத்துத் தேக்குக் கட்டில், கறுத்துப்போய்க் கிடக்கிறது. புதிதாக வாங்கிய பீரோவுக்குப் பொருந்துகிற மாதிரி வால்நட் மரத்தின் கரும்பழுப்பு நிறத்தில் வுட் ஸ்டெய்ன் வாங்கி நானே அடிக்கலாமா?
- வாசகி, கும்பகோணம்

அடிக்கலாம், ஆனால் இப்போது இருக்கிற நிலையில் பிடிக்காது. ஸ்டெய்ன் மரத்துக்குள் ஊறி நிறம் கொடுக்கிற சமாச்சாரம். பழைய பாலிஷ் படலம் மூடியிருந்தால் ஊற வழியில்லாமல் மேலேயே நின்று, துடைத்தால் துணியோடு வந்துவிடும். அதனால் முதலில் மேலே பூசியிருப்பது என்ன என்று பாருங்கள். கட்டில் காலின் உள்பக்கமாக, யார் கண்ணிலும் படாத இடத்தில், ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் அழுத்தித் தேயுங்கள். பிசுபிசுவென்று பழுப்பாக வந்தால் பிரெஞ்சு பாலிஷ், அதாவது அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசியது. உங்கள் கட்டிலின் வயதுக்கு அதுவாகத்தான் இருக்கும். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் லேக்கர். எதற்கும் மசியவில்லையா, பெயின்ட் ரிமூவரும் உப்புத்தாளும்தான் கதி.

பிரெஞ்சு பாலிஷ் என்றால் ஸ்பிரிட்டும் ஸ்டீல் உல்லும் போதும். கடைசல் வேலை உள்ள கால்களில் இடுக்குக்குப் பழைய பல் பிரஷ். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது. பெரும்பாலும் அந்தக் கறுப்பு பழைய பாலிஷிலும் அதில் ஒட்டிய அழுக்கிலும் இருப்பதுதான், கீழே மரம் தேன் நிறத்தில் இருக்கும். அதைப் பார்த்த பிறகும் வால்நட் வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால், நல்ல தேக்குக்கு வேறு மரத்தின் வேஷம் போடுவது வேண்டாத வேலை, பீரோதான் கட்டிலுக்கு ஒத்துப்போக வேண்டும்!

இல்லை, வேண்டும்தான் என்றால் 120, அப்புறம் 180 நம்பர் உப்புத்தாள், ரேகை ஓடுகிற திசையிலேயே. குறுக்கே தேய்த்த கீறல் ஸ்டெய்ன் பட்டதும் கறுப்புக் கோடாகத் தெரியும். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, தின்னர் துணியால் ஒருமுறை துடைத்துவிடுங்கள். கட்டில் பலகையின் அடிப்பக்கத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு, துணியால் பூசி, சில நிமிஷங்களில் மிச்சத்தைத் துடைத்தெடுங்கள். காய்ந்ததும் நிறம் வெளிறித் தெரியும், பயப்படாதீர்கள், மேலே மரத்தின் துளைகளை அடைக்கிற சீலரும் பாலிஷும் ஏறியதும் திரும்பிவிடும். அடைமழை நாளில் மட்டும் பாலிஷ் வேலை வேண்டாம், ஈரக்காற்றில் பாலிஷ் வெள்ளை பூத்துவிடும்.

கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் சன்மைகா ஒட்டிய மேஜைக்கும் இதே ஸ்டெய்ன் அடிக்கலாமா?
- வாசகர், ஈரோடு

கூடாது. சன்மைகா எதையும் உறிஞ்சாது. பளபளப்புப் போகிற அளவுக்கு 220 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, வழவழப்பான பரப்பிலும் பிடிக்கும் என்று டப்பாவில் போட்டிருக்கிற பிரைமர் ஒரு கை, பெயின்ட் மெல்லிசாக இரண்டு கை, சின்ன ரோலரால். தொட்டால் ஒட்டவில்லை என்று அன்றைக்கே காபி டம்ளரை வைத்துவிடாதீர்கள். உள்ளே இறுகச் சில வாரம் ஆகும். (ஒட்டியிருப்பது வெனீராக இருந்தால் அது நிஜ மரம், ஸ்டெய்ன் பிடிக்கும், ஆனால் தோல் மெல்லிசு, அழுத்தித் தேய்த்தால் அடியில் பிளைவுட் பல்லிளிக்கும்.)

என் கணவர் படுத்த மரத் தொட்டிலில் பச்சை எனாமல் உரிகிறது. சுரண்டிவிட்டு, மருமகளுக்குப் பிறக்கப்போகும் பேத்திக்குப் புதுப் பெயின்ட் அடிக்க ஆசை.
- வாசகி, திண்டுக்கல்

ஆசை சரிதான், சுரண்டுவதுதான் பிரச்சினை. பழைய எனாமலில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு (90 பி.பி.எம்.) மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தூள் குழந்தைக்கும் ஆகாது, வயிற்றுப்பிள்ளைக்காரிக்கும் ஆகாது. உலர்ந்தபடி தேய்க்கவோ தீ காட்டி உரிக்கவோ வேண்டாம். வெளியே வைத்து, முகக்கவசம் போட்டு, தண்ணீர் தொட்டு, ஈரத்தில் தேய்ப்பதற்கென்றே உள்ள உப்புத்தாளான வாட்டர் பேப்பரால் தேய்க்கச் சொல்லுங்கள், உங்கள் மருமகள் அந்தப் பக்கமே வர வேண்டாம். புதிதாகப் பூசுவது ஈயம் இல்லை என்று டப்பாவில் அச்சிட்டிருக்கும் பெயின்டாக இருக்கட்டும், வேலை முடிந்த இடத்தைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.