பேஸ் கிடாரில் ஜி ஸ்ட்ரிங் மட்டும் அமுங்கிக் கேட்கிறது, பிக்கப்பை மாற்றணுமா?

கேள்வி: பாளையங்கோட்டையில் சர்ச் கொயரில் நாலு ஸ்ட்ரிங் பேஸ் வாசிக்கிறேன். ஈ இடிக்கிறது, ஜி காணாமலே போகிறது. என்ன செய்யலாம்?

பிக்கப்புக்குக் (ஸ்ட்ரிங்குக்கு அடியில் அதன் அதிர்வைப் பிடிக்கும் காந்தக் கட்டை) காசு செலவழிக்காதீங்க தம்பி. முதலில் ஆம்பை விட்டுட்டு ஹெட்போனில் கேளுங்க. தடித்த ஈ 41 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 41 அதிர்வு; மெல்லிய ஜி 98 ஹெர்ட்ஸ். உயரமான கூரை உள்ள சர்ச்சுக்குள் ஈ மாதிரித் தாழ்ந்த சுரம் உப்பிக் கேட்கும். அதே ஈ, கோயில் கொடைத் திருவிழாக் கச்சேரியில் சின்ன கீபோர்டு ஆம்பில் செத்துக் கிடக்கும். எட்டு இஞ்சு ஸ்பீக்கருக்கு அதைத் தள்ளத் தெம்பு கிடையாது. இரண்டுமே கிடாரின் குற்றம் இல்லை.

ஹெட்போனிலும் ஜி அமுங்கினால், எந்த இடத்தில் அமுங்குது என்று பாருங்க. எங்கும் அமுக்காமல் ஓப்பனாக அடிக்கும்போது மட்டும் மந்தம் என்றால் நட்டில், அதாவது தலைப்பக்கம் ஸ்ட்ரிங் உட்காரும் பள்ளக் கட்டையில் கோளாறு. 5-லிருந்து 7-ஆவது ஃப்ரெட்டுக்குள் (நெக்கில் குறுக்கே பதிந்த கம்பி) ஒரு சுரம் மட்டும் சீக்கிரம் அவிந்தால் அது டெட் ஸ்பாட்; நெக்கின் மரமே அந்த அதிர்வை விழுங்குது, பிக்கப்பைத் திருகிப் பலனில்லை. எல்லா ஃப்ரெட்டிலும் ஒரே மாதிரி கம்மி என்றால் மேலே படிங்க.

நாலு ஸ்ட்ரிங்கும் ஒரே செட்டா? அறுந்த ஒன்றுக்கு வேறு கம்பெனி ஸ்ட்ரிங் போட்டிருந்தால் சத்தம் சேராது. 45-65-85-105 செட் (ஸ்ட்ரிங்கின் பருமன், இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு) ஒன்றைப் புதிதாகப் போட்டுவிட்டே மற்றதைத் தொடணும். நம்ம ஊர் வேர்வையில் பழைய ஸ்ட்ரிங்கை வைத்து அளப்பது வீண் வேலை.

அடுத்து நெக். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அமுக்கினால், 7-ஆவது ஃப்ரெட் மேல் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி இருக்கணும். ஐப்பசி மழைக்கு நெக் அசையும். அதை விட்டுட்டு பிக்கப்பை அளந்தால் மறுபடியும் அளக்க வேண்டியதுதான்.

பல விலை குறைந்த பேஸில் நிஜமான சிக்கல் வேறு: நெக் லேசாகக் கோணி, ஜி ஓரமாகப் போகும். ஜாஸ் பேஸ் மாடல் பிக்கப்பில் ஒரு ஸ்ட்ரிங்குக்கு இரண்டு காந்தக் குமிழ், ஸ்ட்ரிங் அவை இரண்டுக்கும் நடுவே ஓடணும். ஜி ஃப்ரெட்போர்டு விளிம்பை ஒட்டி ஓடி, ஈ தள்ளி நின்றால் இதுதான் காரணம். ஸ்ட்ரிங்கைத் தளர்த்தி, நெக்கின் நாலு ஸ்க்ரூவையும் அரைச் சுற்று மட்டும் இளக்கி, நெக்கின் தலைப்பக்கத்தை ஈ இருக்கும் பக்கமா லேசாக இழுத்துப் பிடித்தபடி இறுக்குங்க.

இப்போதுதான் பிக்கப் உயரம். கடைசி ஃப்ரெட்டை அமுக்கிப் பிடித்து, குமிழுக்கும் ஸ்ட்ரிங்குக்கும் நடுவே பழைய ஏடிஎம் கார்டுகளைச் செருகுங்க. ஒரு கார்டு 0.76 மி.மீ. ஈ-க்கு நாலு, ஜி-க்கு மூன்று போதும். ஒரு ரூபாய்க் காசும் இரும்பு ஸ்கேலும் ஆகாது, காந்தம் இழுத்துக்கொள்ளும்.

ஜி-யை ஏற்றுவதைவிட ஈ பக்கத்தை இறக்குவதே நல்லது. காந்தம் கிட்ட வந்தால் ஸ்ட்ரிங்கைப் பிடித்து இழுக்கும். சுரம் தள்ளாடும், நீடிக்காமல் சீக்கிரம் அவியும். பிக்கப்பின் ஈ பக்க ஸ்க்ரூவை வலப்பக்கம் திருகினால் அந்தப் பக்கம் இறங்கும். அரைச் சுற்று, அப்புறம் கேட்டுப் பார்ப்பது, மறுபடி அரைச் சுற்று. இடப்பக்கம் திருகியும் எழும்பவில்லை என்றால் அடியில் இருக்கும் ஸ்பாஞ்சு பொடியாகியிருக்கும். புது ஸ்பாஞ்சு வெட்டி வைக்கணும், ஒயரைப் பிய்த்துவிடாமல்.

ஏ-யும் டி-யும் மட்டும் கம்மி என்றால், ஃப்ரெட்போர்டு வளைவாகவும் குமிழ்கள் ஒரே மட்டமாகவும் இருப்பதால் வருவது. அந்த இரண்டு ஸ்ட்ரிங்கும் அடிப்பக்கம் உட்காரும் சேடிலை ஆலன் கீயால் கால் சுற்று இறக்கிப் பாருங்க, இரைந்தால் திருப்பி ஏற்றிடுங்க.

இவ்வளவும் சரியான பிறகும் சர்ச்சில் ஈ மட்டும் இடித்தால், ஆம்பைச் சுவர் மூலையிலிருந்து நகர்த்தி ஒரு பெஞ்சு மேல் ஏற்றி வைங்க.